குழந்தைகளுக்கு இயற்கை நிறத்தில் பான்கேக்: தவாவில் நிறம் மங்காமல் செய்ய முழு வழிகாட்டி

பீட்ரூட் விழுது கலந்த மாவு கிண்ணத்தில் இருக்கும்போது கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பாக இருக்கும். அதையே தவாவில் ஊற்றித் திருப்பிப் போட்டதும் காவி நிறத்தில் ஒரு வட்டம் வந்து நிற்கும். குழந்தை பார்த்துவிட்டு "பிங்க் பான்கேக்னு சொன்னீங்களே?" என்று கேட்கும். பலர் இந்த இடத்திலேயே மனம் விட்டுப்போய் சாயப் பாட்டில் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். நிறம் போவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தான்: ஒன்று தவாவின் சூடு, இன்னொன்று மாவில் இருக்கும் புளிப்பு அல்லது சோடா. இந்த இரண்டையும் நிறத்துக்குத் தகுந்தபடி மாற்றத் தெரிந்துவிட்டால் காய்கறியும் பழமும் வைத்தே இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, ஊதா, ஏன் நீலம்கூடக் கொண்டுவரலாம்.

முதலில் மனதில் வைக்க வேண்டியது, எல்லா நிறத்துக்கும் ஒரே மாவு சரிப்படாது என்பதுதான். பீட்ரூட்டுக்குக் கொஞ்சம் புளிப்பு பிடிக்கும், கீரைக்கு அது ஆகவே ஆகாது. ஊதா நிறக் காய்களோ புளிப்பைப் பார்த்தால் ஒரு நிறம், சோடாவைப் பார்த்தால் வேறு நிறம் என்று மாறிக்கொண்டே இருக்கும். அதனால் அடிப்படை மாவை எந்தப் பக்கமும் சாயாமல் கலந்து வைத்துக்கொண்டு, கிண்ணம் கிண்ணமாகப் பிரித்த பிறகு நிறத்துக்கு வேண்டியதைச் சேர்ப்பதுதான் வழி.

அடிப்படை மாவு

ஒரு கப் மைதா (ஏறக்குறைய 130 கிராம்), 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு மேசைக்கரண்டி வெள்ளைச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. இவற்றை ஒன்றாகச் சலித்துக்கொள்ளுங்கள். இன்னொரு பாத்திரத்தில் அரை கப் பால் (120 மி.லி.), ஒரு முட்டை, 2 மேசைக்கரண்டி நிறமில்லாத சமையல் எண்ணெய். மூன்று நிறம் செய்ய இந்த அளவு போதும், உள்ளங்கை அளவில் பத்துப் பன்னிரண்டு பான்கேக் வரும்.

பால் குறைவாக இருக்கிறதே என்று தோன்றும். சாதாரண பான்கேக்குக்கு முக்கால் கப்புக்கு மேல் போடுவோம், ஆனால் இங்கே பின்னால் சேர்க்கப்போகும் விழுதில் இருக்கும் தண்ணீரே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். முழுப் பாலையும் முதலிலேயே ஊற்றிவிட்டு மேலே விழுதையும் போட்டால் மாவு நீர்த்துப்போய் தவாவில் ஓடும், உருவமே நிற்காது.

சர்க்கரையைக் கூட்ட வேண்டாம். தவாவில் பான்கேக் பழுப்பாவதற்கு சர்க்கரையும், பாலிலும் முட்டையிலும் இருக்கும் புரதமும் சேர்ந்துதான் காரணம். இனிப்பு வேண்டுமானால் தட்டில் வைத்த பிறகு மேலே பழமோ சிரப்போ போட்டுக்கொள்ளலாம். பழுப்புச் சர்க்கரையும் வேண்டாம், அது மாவையே மங்கலாக்கிவிடும். கோதுமை மாவுதான் கொடுப்போம் என்பவர்கள் பாதிக்குப் பாதி மைதாவோடு கலந்து பாருங்கள். ஆரஞ்சும் பச்சையும் அதில் நன்றாகவே வரும், இளஞ்சிவப்பும் நீலமும் கொஞ்சம் அழுக்காகத் தெரியும்.

இங்கே ஒரு நல்ல யுக்தி இருக்கிறது. முட்டையை வெள்ளைக் கரு, மஞ்சள் கரு என்று பிரித்துவிடுங்கள். அடிப்படை மாவில் வெள்ளைக் கருவை மட்டும் கலந்து, மஞ்சள் கருவை அப்புறம் மஞ்சளோ ஆரஞ்சோ செய்யும் கிண்ணத்தில் போடுங்கள். மஞ்சள் கரு எல்லா மாவையும் லேசாக மஞ்சளாக்கும். நீலத்தோடு மஞ்சள் சேர்ந்தால் பச்சை, இளஞ்சிவப்போடு சேர்ந்தால் செம்மண் நிறம். வெண்ணெய்க்குப் பதில் நிறமில்லாத எண்ணெய் சொன்னதற்கும் இதுதான் காரணம்.

முட்டை சேர்க்காதவர்கள் அதற்குப் பதில் 3 மேசைக்கரண்டி பாலும் அரை தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் கூடுதலாகச் சேர்த்தால் போதும். பல செய்முறைகளில் வாழைப்பழம் மசித்துப் போடச் சொல்வார்கள். சாதா பான்கேக்குக்கு அது அருமை, நிறத்துக்கு ஆகாது, பழம் கறுத்து மாவையும் கறுக்க வைக்கும்.

ஈரமானதை உலர்ந்ததில் ஊற்றி, மாவு மறையும் வரை மட்டும் கலக்குங்கள். சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். விழுது சேர்க்கும்போது இன்னொரு முறை கலக்கப்போகிறோம், இப்போதே அடித்துக் கலக்கினால் பான்கேக் ரப்பர் போல இழுக்கும்.

இளஞ்சிவப்பும் சிவப்பும்

பீட்ரூட்டைத் தோலோடு, வாலையும் காம்பையும் முழுக்க வெட்டாமல் வேகவையுங்கள். வெட்டிய இடம் வழியாகத்தான் நிறம் தண்ணீரில் இறங்கும். கத்தி சுலபமாக இறங்கும் அளவு வெந்ததும் தோலை விரலால் தள்ளினாலே வந்துவிடும். அதன்பிறகு நறுக்கி, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, தண்ணீர் சேர்க்காமல் அரையுங்கள். மிக்ஸி சுற்ற மறுத்தால் அடிப்படை மாவுக்கு அளந்து வைத்த பாலிலிருந்து ஒரு கரண்டி எடுத்து ஊற்றிக்கொள்ளலாம்.

எலுமிச்சை எதற்கு? பீட்ரூட்டின் நிறம் பீட்டாலைன் என்ற வகையைச் சேர்ந்தது. லேசான புளிப்பில் அது நிலையாக நிற்கும், சோடா கூடினால் பழுப்பு கலந்த மஞ்சளுக்குப் போகும், சூடு நீண்ட நேரம் பட்டாலும் சிதைந்துவிடும். அதனால்தான் இந்த மாவில் சமையல் சோடா சேர்ப்பதே இல்லை, பேக்கிங் பவுடர் மட்டும். மோர் அல்லது தயிர் ஊற்றிச் செய்ய ஆசைப்பட்டால் இந்த ஒரு கிண்ணத்துக்குத் தாராளமாகச் செய்யலாம்.

மண் வாசனை வருகிறது என்று முகம் சுளிக்கும் குழந்தைகள் உண்டு. அது பீட்ரூட்டின் இயல்பு. ஆரஞ்சுப் பழத்தோலைத் துருவி ஒரு சிட்டிகை போட்டால் நன்றாக அடங்கிவிடும். பீட்ரூட்டில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் ஸ்ட்ராபெர்ரி அல்லது ராஸ்பெர்ரி விழுது சேர்த்தால் இன்னும் நல்லது, அந்தப் பழங்களிலேயே புளிப்பு இருப்பதால் எலுமிச்சைகூட வேண்டியதில்லை. ஸ்ட்ராபெர்ரி மட்டும் போட்டால் நிறம் போதாது, வெந்ததும் மங்கிவிடும். உள்ளே சிவப்பாக இருக்கும் டிராகன் பழம் கிடைத்தால் அதுவும் பீட்டாலைன் வகைதான், வாசனைத் தொல்லையே இல்லை.

பச்சை

இதில் நேரெதிர். எலுமிச்சை, தயிர், மோர் எதுவும் கிட்டே வரக்கூடாது. கீரையின் பச்சையம் புளிப்பும் சூடும் ஒன்றாகப் பட்டால் மங்கிய ஆலிவ் பச்சையாக, கிட்டத்தட்ட காக்கியாக மாறிவிடும்.

பசலைக் கீரையின் இலைகளை மட்டும் இரண்டு பெரிய கைப்பிடி எடுத்து, கொதிக்கும் தண்ணீரில் அரை நிமிடம், அதிகம் போனால் ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். எடுத்த கையோடு ஐஸ் தண்ணீரில் போட வேண்டும், இல்லையென்றால் கீரை தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். வெந்நீரில் விழுந்த சில நொடிகளில் இலை பளிச்சென்று அடர் பச்சைக்கு மாறுவதை நீங்களே பார்க்கலாம், அந்த நிறத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் ஐஸ் தண்ணீரின் வேலை. பிறகு கையால் நன்றாகப் பிழிந்து, ஒரு கரண்டி பாலோடு வழுவழுவென்று அரைத்துக்கொள்ளுங்கள். இலைத் துணுக்கு தெரிந்தால் சில குழந்தைகள் தொடவே மாட்டார்கள், அதனால் இந்த விழுதை மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே ஓடவிடுங்கள்.

கீரை வாசனை பிடிக்காத குழந்தைக்குப் பச்சைப் பட்டாணி நல்ல மாற்று. இயல்பாகவே இனிப்பு, பச்சை கொஞ்சம் வெளிறித் தெரியும், ஆனால் மென்மையான அழகான நிறம். பாதி பட்டாணி, பாதி கீரை என்று கலந்தால் நிறமும் ருசியும் சேர்ந்து அமையும், என்னைக் கேட்டால் அதுதான் இருப்பதிலேயே நல்ல பச்சை. மாட்சாத் தூள் நிறம் அருமையாகக் கொடுக்கும்தான், ஆனால் அது தேயிலை, காஃபீன் உண்டு. குழந்தைகளுக்கு வேண்டாம்.

மஞ்சளும் ஆரஞ்சும்

இவை இரண்டும் சாது. கேரட், பரங்கிக்காய், ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு மூன்றிலும் இருப்பது பீட்டா கரோட்டின். சூட்டுக்கும் அது பெரிதாக அசையாது, புளிப்புக்கும் சோடாவுக்கும் கவலைப்படாது. வேகவைத்து மசித்துச் சேர்த்தால் வேலை முடிந்தது. எண்ணெயில் கரையும் நிறம் என்பதால் விழுதில் சில சொட்டு எண்ணெய் விட்டு அரைத்தால் இன்னும் பரவலாக இறங்கும். மஞ்சளுக்கு, ஒரு கிண்ண மாவில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் பிரித்து வைத்த அந்த மஞ்சள் கருவும் போதும். சிட்டிகைக்கு மேல் போனால் வாசனை தூக்கும். சமையல் சோடா பட்டால் மஞ்சள்தூள் சிவந்துவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாம்பழ விழுது, வேகவைத்த சோளம் இரண்டும் வெளிர் மஞ்சள் கொடுக்கும்.

ஊதாவும் நீலமும்

குழந்தைகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு செய்ய வேண்டிய பகுதி இது. ஊதா முட்டைக்கோஸ், ப்ளூபெர்ரி, ஊதாச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாவற்றிலும் இருப்பது ஆந்தோசயனின் என்ற நிறப்பொருள். புளிப்பில் இளஞ்சிவப்பு, நடுநிலையில் ஊதா, சோடா சேரச் சேர நீலம், அதற்கும் மேலே பச்சை.

ஊதா முட்டைக்கோஸை மெல்லியதாக நறுக்கி இரண்டு கப் எடுத்து, அரை கப் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, மூடி 15 நிமிடம் வையுங்கள். அப்புறம் அதே தண்ணீரோடு ஒரு சுற்று அரைத்து, துணியில் போட்டுப் பிழிந்தால் அடர்த்தியான ஊதாச் சாறு வரும். அடுப்பில் வைத்து வெகுநேரம் கொதிக்க விட்டால் முட்டைக்கோஸ் வாசனை கிளம்பிவிடும், அதனால்தான் இப்படி ஊறவைப்பது. சாற்றை மூன்று கண்ணாடி டம்ளரில் பிரித்து, ஒன்றில் எலுமிச்சை சில சொட்டு, ஒன்றை அப்படியே விட்டு, மூன்றாவதில் விரல் நுனியில் ஒட்டும் அளவு சமையல் சோடாவைப் போட்டுக் கலக்கச் சொல்லுங்கள். கண்ணெதிரே ஒரே சாறு மூன்று நிறமாகப் பிரியும். நாலு வயதுக் குழந்தையும் வாய் பிளந்து பார்க்கும், பத்து வயதுப் பிள்ளை ஏன் எதற்கு என்று கேள்வி கேட்க ஆரம்பிக்கும்.

நீல பான்கேக் வேண்டுமானால் அந்த மூன்றாவது டம்ளர்தான். சோடாவை அள்ளிப் போடாதீர்கள். கொஞ்சம் கூடினாலும் நிறம் பச்சைக்குத் தாவும், வாயிலும் சோப்பு மாதிரி ஒரு ருசி நிற்கும். இது விழுது இல்லை, சாறு என்பதால் கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி மைதா கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மாவில் மஞ்சள் கரு துளிகூட இருக்கக்கூடாது.

ப்ளூபெர்ரியை அரைத்து மாவில் கலந்துவிட்டு, ஏன் சாம்பல் நிறமாக வருகிறது என்று குழம்புபவர்களுக்கும் பதில் இதுவேதான்: பேக்கிங் பவுடரில் இருக்கும் சோடா. ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதா மீண்டுவரும். ஊதாச் சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கும் இதே வைத்தியம். இந்தக் கூட்டத்தில் அடர்த்தியாகவும் ருசியாகவும் இருப்பது அந்தக் கிழங்குதான், கிடைத்தால் விடாதீர்கள்.

கலப்பது

அடிப்படை மாவை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 2 மேசைக்கரண்டி விழுது சேர்த்து மெதுவாக மடித்துக் கலந்து, 10 நிமிடம் அப்படியே விடுங்கள். கரண்டியைத் தூக்கினால் மாவு பட்டையாக விழுந்து, விழுந்த தடம் இரண்டு மூன்று நொடி தெரிந்து மறைய வேண்டும். கட்டியாக இருந்தால் பால் சில சொட்டு, நீர்த்திருந்தால் மைதா அரைக் கரண்டி. கிண்ணத்தில் நிறம் நீங்கள் விரும்புவதைவிட ஒரு படி தூக்கலாக இருக்கட்டும், வெந்ததும் குறையத்தான் செய்யும்.

அடுப்பு

விழுதை எவ்வளவு கவனமாக அரைத்தாலும் முடிவு தவாவில்தான். சாதாரண பான்கேக்கைப் பொன்னிறமாக எடுப்போம், இங்கே அந்தப் பொன்னிறம்தான் எதிரி. மாவின் மேற்பரப்பு 140 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வேகமாகப் பழுப்பேறும். ஈரம் இருக்கும் உள்பகுதி 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால், மேலே பழுப்பான பான்கேக்கை வெட்டிப் பார்த்தால் உள்ளே நிறம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். ஆக, அநேகமாக நிறம் அழிவதில்லை, மேலே ஒரு போர்வை விழுகிறது. அந்தப் போர்வை விழாமல் பார்ப்பதுதான் நம் வேலை.

நான்ஸ்டிக் தவாவைக் குறைந்த தீயில் மூன்று நான்கு நிமிடம் நிதானமாகக் காயவிடுங்கள். ஒரு துளி தண்ணீர் தெளித்தால் அது முத்தாக உருண்டு ஓடக்கூடாது, அப்படி ஓடினால் சூடு அதிகம். சின்னச் சத்தத்தோடு மெல்ல வற்ற வேண்டும். எண்ணெயைத் துணியில் தொட்டு ஒரு தேய்ப்பு தேய்த்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்துவிடுங்கள். எண்ணெய் தேங்கிய இடத்தில் புள்ளி புள்ளியாகப் பழுப்பு விழும்.

முதலில் நாணய அளவில் ஒன்று ஊற்றிச் சோதித்துப் பாருங்கள். அது நிறம் மாறாமல் வந்தால் மட்டும் மற்றதை ஊற்றலாம். ஊற்றியதும் மூடிபோடுங்கள், ஆவியில் மேல்பக்கமும் சேர்ந்து வேகும், அடிப்பக்கம் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு இரண்டரை நிமிடத்தில் மேலே குமிழ் வந்து, ஓரம் மினுமினுப்பு இழந்து மங்கலாகும். அப்போது திருப்பி, முக்கால் நிமிடம் விட்டு எடுத்துவிடலாம். மூன்று நான்கு முறை ஊற்றிய பிறகு தவா தானாகவே சூடேறிக்கொண்டு போகும், அதனால் நடுநடுவே அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் ஆறவிடுங்கள், கடைசி பான்கேக் மட்டும் கருகி வருவதற்கு இதுதான் காரணம். இளஞ்சிவப்பு, நீலத்தைத் தவா புதிதாக இருக்கும்போதே ஊற்றி, ஆரஞ்சைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வட்டங்களாகச் செய்வது நல்லது. பெரிதாக ஊற்றினால் நடுப்பகுதி வேகும்வரை ஓரம் பொறுக்காது.

உருவங்கள்

மூக்கு வைத்த சாஸ் பாட்டிலில் மாவை வடிகட்டி ஊற்றிக்கொண்டால் தவாமேல் வரையலாம். கட்டி அடைத்துக்கொண்டால் பாட்டிலை அமுக்கி அமுக்கி மாவு ஒரேயடியாகத் தெறிக்கும், வடிகட்டுவதை விட்டுவிடாதீர்கள்.

கோடு முதலில், நிரப்புவது பிறகு. கொக்கோ தூள் கலந்த மாவால் கண், வாய், ஓரக்கோடு வரைந்து அரை நிமிடம் விட்டால் அது இறுகிவிடும். அதன்மேல் வேறு நிற மாவை ஊற்றினால் கலங்காது. தவாவைத் தொடும் பக்கம்தான் முகப்பு என்பதால் படம் இடவலம் மாறித்தான் தட்டில் வரும். முகத்துக்கு இது பிரச்சினை இல்லை, குழந்தையின் பெயரின் முதல் எழுத்தை எழுதும்போது கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எழுத வேண்டும். காகிதத்தில் எழுதிப் பின்பக்கம் வெளிச்சத்தில் காட்டினால் எப்படி எழுதுவது என்று தெரிந்துவிடும்.

வரைய வராது என்பவர்களுக்குச் சுலபமானவை: ஒரு பெரிய வட்டம், மேலே ஒட்டி இரண்டு சின்ன வட்டம் போட்டால் கரடி. நிறம் நிறமாகச் சின்ன வட்டங்களைத் தட்டில் வரிசையாக அடுக்கினால் கம்பளிப்பூச்சி. இரண்டு நிறத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றி, குச்சியால் ஒரே ஒரு சுழற்று, அதற்கு மேல் கலக்கினால் நிறம் குழம்பும். பிஸ்கட் வெட்டும் அச்சால் வெந்த பான்கேக்கை அழுத்தி வெட்டினால் வெட்டிய ஓரத்தில் உள்நிறம் பளிச்சென்று தெரியும், மேலே கொஞ்சம் பழுப்பேறியதைக் காப்பாற்றவும் அதுவே வழி.

காய்கறியை ஒளித்துவைத்துக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. பீட்ரூட்டைத் தோலுரிக்கவும், கீரையைப் பிழியவும் குழந்தையையே விடுங்கள். கை சிவப்பானால் எலுமிச்சை தேய்த்துக் கழுவினால் போய்விடும். தன் கையால் செய்த நிறத்தைச் சாப்பிட்டுப் பார்க்கும் ஆர்வம் தானாக வரும். தவாவும் சாஸ் பாட்டிலும் மட்டும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

கவனிக்க வேண்டியவை

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் வேண்டாம், மாவில் கலந்து சுட்டாலும் சரி. பாட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் அதில் இருக்கலாம், அவை தவாச் சூட்டில் சாகாது. கீரை, பீட்ரூட் இரண்டிலும் நைட்ரேட் இயல்பாகவே அதிகம், அரைத்து வைத்திருக்கும்போது அது கைக்குழந்தைக்கு ஆகாத நைட்ரைட்டாக மாறலாம், ஆகவே அந்த வயதுக் குழந்தைக்கு இவற்றைச் சேர்ப்பதானால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, அன்றன்று அரைத்ததை மட்டும் கொடுங்கள். அலங்காரத்துக்கு முழுத் திராட்சை, முழு ப்ளூபெர்ரி வைக்காதீர்கள், சின்னக் குழந்தைக்குத் தொண்டையில் அடைக்கும். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டி வையுங்கள், ப்ளூபெர்ரியையும் நசுக்கியோ வெட்டியோ கொடுங்கள். கோதுமை, பால், முட்டை மூன்றுமே ஒவ்வாமை தரக்கூடியவை, பிறந்தநாள் மாதிரி பல குழந்தைகள் வரும் இடத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

விழுதுகளை மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் வாரக்கணக்கில் இருக்கும், கட்டியின் அளவு தட்டுக்குத் தட்டு மாறும் என்பதால் கிண்ணத்துக்கு 2 மேசைக்கரண்டி வரும்படி பார்த்து எடுத்தால் போதும். கலந்த மாவை வைத்திருக்காதீர்கள், உப்பாமல் தட்டையாகிவிடும். சுட்ட பான்கேக்கை ஆறவிட்டு, இடையில் பட்டர் பேப்பர் வைத்து உறையவைத்தால் ஒரு மாதம் தாங்கும். திரும்பச் சூடாக்கும்போது தவாவில் போடாதீர்கள், பழுப்பேறும். மூடிவைத்து ஆவியிலோ மைக்ரோவேவில் இருபது முப்பது நொடியோ காட்டினால் நிறம் அப்படியே இருக்கும்.

இன்னொன்று, பீட்ரூட் பான்கேக் சாப்பிட்ட மறுநாள் சில குழந்தைகளுக்குச் சிறுநீரும் மலமும் சிவப்பாகப் போகலாம். எல்லோருக்கும் ஆகாது, ஆனாலும் வீட்டில் தாத்தா பாட்டியிடமும் பள்ளியில் ஆசிரியரிடமும் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பீட்ரூட் நின்றபின் ஓரிரு நாளில் அதுவும் நின்றுவிடும், அதற்குப் பிறகும் தொடர்ந்தால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள்.